எண் மட்டும் உள்ள பாதைகள்: பிரிஞ்சாங் மலையேற்றத்தின் வரலாறு



பகாங் மாநிலத்துக் கேமரன் மலைக்குச் செல்வோர் கையில் ஒரு நிலப்படம் கிடைக்கும். தங்கும் விடுதிகளிலும் கடைகளிலும் வைத்திருப்பார்கள். காட்டுத் தடங்கள் அதில் கோடுகளாக வரையப்பட்டிருக்கும். ஒவ்வொரு கோட்டின் அருகிலும் ஓர் எண் இருக்கும். பத்தாம் தடம் தானா ராத்தாவிலிருந்து ஜாசார் மலைக்கு ஏறுகிறது. ஒன்பதாம் தடம் ராபின்சன் அருவிப் பக்கம் இறங்குகிறது. நான்காம் தடம் பாரிட் அருவியை அடைகிறது. முதலாம் தடம் 2,031 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் சிகரத்திற்குரியது. சில ஆண்டுகளுக்கு முன்பு மாணவர் சிலருடன் அந்த முதலாம் தடத்தில் ஏறினேன். பாதி வழியில் மூச்சு வாங்க நின்றபோது ஒரு மாணவி கேட்டார்: "ஐயா, இந்தப் பாதைக்குப் பெயரே கிடையாதா? எண் மட்டும்தான் இருக்கிறது." அப்போது விடை சொல்ல என்னிடம் மூச்சும் இல்லை, செய்தியும் இல்லை. இன்று உங்கள்முன் வைப்பது அக்கேள்விக்குக் காலந்தாழ்த்தி நான் தேடிக்கொண்ட விடை.

முதலில் ஏற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரிஞ்சாங் நகரம் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சிகரம் அதற்கும் மேல் ஐந்நூறு மீட்டர். கணக்கில் இது பெரிய உயரமன்று. ஆயினும் தடத்தில் கால் வைத்த சிறிது நேரத்திலேயே ஒன்று விளங்கிவிடும்: இந்தப் பாதை வளைந்து கொடுப்பதில்லை. மலைமுகட்டைப் பற்றிக்கொண்டு நேரே மேலேறுகிறது. மண் கரைந்து வெளிப்பட்ட மரவேர்களே படிகள், கைப்பிடிகளும் அவையே. மழை பெய்த மறுநாள் சேறு கணுக்காலை விழுங்கும். உயரம் கூடக்கூட மரங்கள் குள்ளமாகின்றன. அடிமரம் எது, கிளை எது என்று தெரியாதபடி பாசி போர்த்துக் கிடக்கிறது. மேகம் தரையில் தங்கும் இந்தப் பகுதியைப் பாசிக்காடு என்கிறோம். குடுவை வடிவ இலைகளால் பூச்சி பிடிக்கும் செடிகள் பாசியினூடே தொங்கும். கடைசியில் மரங்கள் விலக, உச்சி.

உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் நிற்கின்றன. அவற்றின் காலடிவரை தார்ச்சாலை. தீபகற்ப மலேசியாவில் வாகனத்தில் சென்று சேரக்கூடிய மிக உயரமான இடம் இதுவே என்பர். சேறும் வியர்வையுமாக வந்து சேரும் நடையாளர், மகிழுந்திலிருந்து உலர்ந்த காலணியோடு இறங்கும் குடும்பத்தைக் கண்டு சற்றே மனம் சுருங்குவது இயல்பு. எனக்கும் அப்படித்தான் இருந்தது. காட்சி அந்தச் சுருக்கத்தை ஆற்றிவிட்டது. வானம் தெளிந்த காலையில் மேற்கே பேராக்கின் தாழ்நிலம் நீலமாய் விரியும். அண்டையில் 2,110 மீட்டர் உயரமுள்ள ஈராவ் சிகரம். வடக்கே தித்திவாங்சா மலைத்தொடரின் முகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மங்கிக்கொண்டே போகும். கீழே சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம். வந்தவர் எல்லாரும் படம் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்தத் தேயிலையைத்தான். மலைச்சரிவில் சீப்பால் வாரியதுபோல வரிவரியாகக் கிடக்கும் அப்பசுமையை இயற்கைக் காட்சி என்று சொல்லிவிடுகிறோம். அது இயற்கையன்று. நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே நின்றவர் கண்ணுக்கு அந்த வரிகளில் ஒன்றுகூடத் தென்பட்டிருக்காது.

மலைப்பாதையை எழுத்தில் வைப்பது தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகளில் ஒரு மலைநாட்டு வழியைச் சொல்கிறது. நன்னன் என்னும் தலைவனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தர், இனிச் செல்லவிருக்கும் கூத்தருக்கு எங்கே வழுக்கும், எங்கே விலங்கு வரும், எந்தச் சிற்றூரில் உணவு கிடைக்கும் என்று கூறி வழிப்படுத்துகின்றனர். கூத்தராற்றுப்படை என்பது அதன் இன்னொரு பெயர். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை முழுவதுமே, நடந்தவர் நடக்கப்போகிறவருக்குச் சொல்லும் சொல். வழியை அறிந்தவர் வாய்திறந்தால்தான் அந்த வகை உண்டு. பிரிஞ்சாங் மலையில் நடந்தவர் பலர். அவருள் எழுதிவைத்தவர் மிகச் சிலர், அந்தச் சிலரும் ஒரே தரப்பினர். பாதைக்கு எண் மட்டும் எஞ்சியதற்கு இதுவும் ஒரு காரணம் என எண்ணுகிறேன்.

இந்த மலையில் உள்ள பாதைகளை உற்று நோக்கினால் அவை ஒரே வடிவில் இல்லை என்பது தெரியும். முகட்டின்மேல் நேரே ஏறும் தடம் ஒன்று. கொண்டையூசிபோல மடிந்து மடிந்து செல்லும் சாலை ஒன்று. ஏறாமலும் இறங்காமலும் மலையின் இடுப்பைச் சுற்றிச் செல்லும் தேயிலை நிரைப் பாதை ஒன்று. ஒவ்வொன்றையும் வேறு வேறு மனிதர் வேறு வேறு தேவைக்காக உண்டாக்கினர். பாதையின் வடிவே அதை நடந்தவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

முகட்டுப் பாதை பூர்வகுடியினரின் பாதை. கேமரன் மலைப்பகுதி செமாய் மக்களின் வாழ்நிலம். வடக்கே தெமியார் மக்கள். அடர்ந்த மழைக்காட்டில் பள்ளத்தாக்கு வழியே நடப்பது கடினம். ஓடைகள் குறுக்கிடும், முள்ளும் மூங்கிலும் மண்டும், திசை தெரியாது. முகட்டில் செடியடர்த்தி குறைவு, நீர் தேங்காது, இருபுறமும் சரிவதால் வழி தவறாது. ஆகவே காடறிந்தவர் முகட்டைப் பிடித்து நடப்பர். பிரம்பு, பிசின் போன்ற காடுபடு பொருள்களைத் தாழ்நிலத்து மலாய்க்காரரிடம் கொடுத்து உப்பும் இரும்பும் பெற்றுவந்த நடைகள் இவ்வாறு அமைந்தவையே. இன்றைய முதலாம் தடத்தின் ஒவ்வோர் அடியும் அத்தகைய பழம்பாதை என்று நான் சொல்லவில்லை. அது ஏன் இவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதற்கு, காட்டில் நடக்கும் அந்தப் பழைய அறிவே விளக்கம் என்கிறேன். ஆற்றுப் பெயர்களிலும் அவ்வறிவு தங்கியிருக்கிறது. பாலாஸ் என்பது மலாயில் ஒருவகை விசிறிப் பனை. சுங்கை பாலாஸ் என்றால் அப்பனை வளர்ந்த ஆறு. தானா ராத்தா என்பது சமநிலம். பெயர் இடத்தின் இயல்பைச் சொல்கிறது; ஒரு மனிதரின் பெருமையைச் சொல்லவில்லை.

மனிதரின் பெயர் 1885இல் வந்தது. அரசாங்க நில அளவையாளர் வில்லியம் கேமரன் அவ்வாண்டு பேராக், பகாங் எல்லை மலைகளை அளக்கப் புறப்பட்டார். உடன் சென்றவராகக் குலோப் ரியாவ் என்பவரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. சுமை தூக்கியவர், வழிகாட்டியவர் பெயர்கள் நிற்கவில்லை. உயர்ந்த மலைகள் சூழ்ந்த, மெல்லச் சரியும் ஒரு மேட்டுநிலத்தைக் கண்டதாகக் கேமரன் அறிக்கை தந்தார். ஆனால் அந்த இடத்தைத் தெளிவாக நிலப்படத்தில் குறித்து வைக்கவில்லை. மறு ஆண்டே இறந்தும்போனார். அவர் சொன்ன மேட்டுநிலம் எது என்று பிற்காலத்தவர் பல ஆண்டுகள் தேடினர். இன்று நாம் காணும் தானா ராத்தாவா, வடக்கே தெலோம் ஆற்றுப் பக்கமா என்ற ஐயம் இன்றும் முழுமையாகத் தீர்ந்தபாடில்லை. இடத்தைக் குறிக்காமல் போனவர் பெயரையே முழுப் பகுதிக்கும் சூட்டியதை நினைத்தால் சிரிப்பு வரும். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அளவையாளரின் வேலை முகட்டில் ஏறி நான்கு திசையும் பார்ப்பது. உச்சிக் காட்சிக்காக மலையேறும் இன்றைய பழக்கத்தின் முன்னோடி ஒருவகையில் அவரே. அவருக்குக் காட்சி என்பது அளவு. நமக்கு அது ஓய்வு.

கேமரன் கண்டதாகச் சொன்ன நிலம் நாற்பது ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்கே சென்று பார்த்து, அதை மலைவாழ் ஓய்விடமாக்கலாம் என்று முடிவு செய்த பிறகே வேலை தொடங்கிற்று. வெப்ப நாடுகளில் ஆளவந்த ஆங்கிலேயர் ஓரிரு தலைமுறைக்கொரு முறை குளிர்ந்த மலை ஒன்றைத் தேடிக்கொண்டனர். உதகமண்டலத்தை 1820களிலும் கொடைக்கானலை 1840களிலும் அவ்வாறே தேர்ந்தனர். நீலகிரியில் தோடர், படகர், பழனிமலையில் புலையர் எனப் பலர் முன்பே வாழ்ந்த நிலங்கள் அவை. கேமரன் மலை அந்த வரிசையில் மிகப் பிந்தி வந்தது. பிந்தி வந்ததால் இதற்கு மோட்டார் சாலை முதலிலேயே வாய்த்தது. தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். 1926இல் தொடங்கிய வேலை 1930ஐ ஒட்டி முடிந்தது. முகட்டில் ஏறும் கால்கள் பெற்ற வசதி சக்கரத்துக்கு இல்லை. சாலை மலையைக் குடைந்து, வளைந்து, ஓடைதோறும் பாலமிட்டு ஏற வேண்டும். அக்கால மலாயாவில் பொதுப்பணித் துறையிலும் இரயில்வேயிலும் கல்லுடைத்து மண் சுமந்தவருள் தமிழர் மிகுதி. இன்று தாப்பா வழியே பேருந்தில் வரும்போது ஒவ்வொரு வளைவிலும் தலைசுற்றுகிறது என்று நாம் முணுமுணுக்கிறோம். அந்த வளைவுகள் கடப்பாரையாலும் மண்வெட்டியாலும் வெட்டப்பட்டவை.

இனி மூன்றாம் பாதை. இதைப் பற்றிச் சற்று நின்று பேச விரும்புகிறேன்; உச்சியிலிருந்து நாம் படம் எடுக்கும் வரிகள் இவையே.

1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் என்பவர் அரசிடம் நிலம் பெற்று போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய மில்ன் என்பவர் அவருக்குத் துணை. 1933இல் ரசல் மறைந்தார். தோட்டம் அவர் குடும்பத்தில் நீடித்தது. அதே 1933இல் வட இந்திய வணிகக் குடும்பம் ஒன்று பாரத் தேயிலை நிறுவனத்தைத் தொடங்கியது. தாழ்நில மலாயா முழுவதும் இரப்பராக இருந்த காலத்தில், மலைமேல் தேயிலை வளரும் என்று பந்தயம் கட்டிய முயற்சிகள் இவை. ஆண்டுகளைக் கவனியுங்கள். 1929இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. இரப்பர் விலை தரையைத் தொட்டது. தாழ்நிலத் தோட்டங்களிலிருந்து பல பதினாயிரம் தமிழர் வேலையிழந்து தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அந்த ஆண்டுகளிலேயே இங்கே காடு வெட்டித் தேயிலை நடப்பட்டது.

மலாயாவுக்குத் தோட்டத் தொழிலாளர் வந்த வழி பலரும் அறிந்ததுதான். தோட்டத்துக் கங்காணி உரிமம் பெற்றுத் தம் ஊருக்குச் சென்று ஆள் சேர்ப்பார். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கவைத்துக் கப்பலேற்றுவர். செலவை 1907இல் ஏற்பட்ட குடிபெயர்வு நிதி ஏற்கும். 1920களின் பிற்பகுதியில் அரசு நிர்ணயித்த நாட்கூலி, போக்குவரத்து எளிதான மாவட்டங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பகாங்கின் உட்பகுதிகளில் வாழ்க்கைச் செலவு கூடுதல் என்பதால் ஆணுக்கு 58, பெண்ணுக்கு 46. பொருளாதாரச் சரிவு வந்ததும் கூலி வெட்டப்பட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான அந்த ஐந்தில் ஒரு பங்கு வேறுபாடு தேயிலையில் தனிப்பொருள் பெறுகிறது. ஏனெனில் தேயிலைத் தோட்டத்தின் உயிர்வேலையான கொழுந்தெடுப்பு பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்தது.

அந்த வேலையைப் புரிந்துகொண்டால்தான் பாதையின் வடிவு புரியும். தேயிலைச் செடியைத் தன்போக்கில் விட்டால் மரமாகிவிடும். மூன்று நான்கு ஆண்டுக்கொருமுறை கவ்வாத்து செய்து, இடுப்பளவில் தட்டையாக நிறுத்துகிறார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய இடம், ஒரு வாரம் பத்து நாளில் மீண்டும் துளிர்க்கும். மீண்டும் கிள்ள வேண்டும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நான்கரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். செங்குத்தான சரிவில் செடிகளை மேலிருந்து கீழாக நட்டால் மழை மண்ணை வாரிக்கொண்டு போய்விடும். நடப்பவரும் நிற்க முடியாது. ஆகவே சம உயரக் கோட்டில், மலையைச் சுற்றி நிரை அமைக்கின்றனர். நிரைக்கு நிரை நடுவே ஒரு பாதம் வைக்கும் அகலம். முதுகில் கூடையுடன் நிற்பவர் ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயுமாகச் சாய்ந்து நின்று பறிப்பார். கூடை நிறைந்ததும் நிறுக்குமிடத்துக்கு இறங்குவார், மறுபடி ஏறுவார். உச்சியிலிருந்து பார்க்கும்போது சீப்பின் பற்களாகத் தெரிபவை இந்தப் பாதம் வைக்கும் இடைவெளிகளே. நாம் ஒருமுறை ஐந்நூறு மீட்டர் ஏறிவிட்டு ஒரு வாரம் கால்வலி பேசுகிறோம்.

இங்கே மொழி பற்றி ஒரு செய்தி. இலங்கை மலையகத் தமிழர் தேயிலை வயலை மலை என்றே சொல்வர். மலைக்குப் போகிறேன் என்றால் வேலைக்குப் போகிறேன் என்று பொருள். இன்று எந்த மலை என்று கேட்டால் எந்தப் பகுதியில் கொழுந்து எடுக்கப்படுகிறது என்று பொருள். பொழுதுபோக்காக ஏறுவோர் வாயில் வரும் மலையேற்றம் என்னும் சொல்லையும் இதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே சொல், ஒரே சரிவு. ஒருவருக்கு அது விடுமுறை நாள், மற்றவருக்கு வேலைநாள். ஆசிரியர்கள் வகுப்பில் ஒருசொல் பலபொருள் கற்பிக்கும்போது அகராதி எடுத்துக்காட்டுகளுக்குப் பதில் இதைச் சொல்லலாம்.

1930களின் நடுவில் அந்த விடுமுறை நாளும் கேமரன் மலைக்கு வந்து சேர்ந்துவிட்டது. கோல்ஃப் திடல் அமைந்தது. 1937இல் இங்கிலாந்துச் சிற்றூர் வீட்டைப்போல ஸ்மோக்ஹவுஸ் விடுதி எழுந்தது. ஐரோப்பியக் குழந்தைகளுக்குப் பள்ளிகள் வந்தன. குளிர்ந்த காற்றில் உலாவ விரும்பியவர்களுக்குக் காட்டில் நடைபாதைகள் தேவைப்பட்டன. பழைய தடங்களும் அளவையாளர் வெட்டிய வழிகளும் புதிய தேவைக்குப் பயன்பட்டன. விடுமுறையில் வருபவர் அங்கே பிறந்து வளர்ந்தவர் அல்லர். அவருக்குப் பெயரால் பயனில்லை. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்தால் போதும். அதற்கு எண் மிகவும் பொருத்தமானது. மாணவியின் கேள்விக்கு நேர்விடை இதுதான்: வந்து போகிறவருக்காகக் குறிக்கப்பட்ட பாதை எண் பெறும், இருந்து வாழ்கிறவர் நடந்த பாதை பெயர் பெறும்.

தோட்ட நிர்வாகமும் எண்ணையே பயன்படுத்தியது. வயல்கள் கணக்கேட்டில் எண்களாக இருந்தன. தொழிலாளரோ தமக்கெனப் பெயர் வைத்துக்கொண்டனர். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும், தொழிலாளர் தமக்குள் வழங்கிய தமிழ்ப் பெயர் ஒன்றுமாக இரண்டு பெயர்கள் இருந்ததை மூத்தவர்கள் அறிவர். துரையின் குணத்தாலோ, அருகிலிருந்த மரத்தாலோ, கோயிலாலோ, நடந்த ஒரு விபத்தாலோ அப்பெயர் அமையும். வயல்களுக்கும் பாறைகளுக்கும் ஓடைகளுக்கும்கூட அவ்வாறு வழங்கின. இப்பெயர்கள் எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை.

பின்வந்த முப்பதாண்டு காட்டுப்பாதைகளுக்கு நல்ல காலமாக இருக்கவில்லை. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் குடிபெயர்வை நிறுத்தியது. கங்காணி ஆள்சேர்ப்பு அத்துடன் முடிந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல பதினாயிரம் தமிழர் சயாம் இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பெருந்தொகையினர் அங்கேயே மாண்டனர். போர் முடிந்து தேயிலை தலையெடுப்பதற்குள் 1948இல் அவசரகாலம் தொடங்கியது. காடு போராளிகளின் ஒளிவிடமானது. காட்டுத்தடம் இராணுவத்தின் தேடுவழியானது. 1951 அக்டோபரில் உயர் ஆணையர் ஹென்றி கர்னி பிரேசர் மலைச் சாலையில் பதுங்கித் தாக்கப்பட்டு இறந்தபின், மலைச்சாலை என்றாலே அச்சம் என்றாயிற்று. பூர்வகுடியினர் பலர் தம் நிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டுக் காவலுக்குள் குடியேற்றப்பட்டனர். 1960இல் அவசரகாலம் முடிந்த பிறகே காட்டில் உலாவுதல் மீண்டும் பொழுதுபோக்காயிற்று.

அந்தப் பொழுதுபோக்கின் ஆபத்தை உலகுக்குக் காட்டிய நிகழ்ச்சி 1967 மார்ச் 26இல் நடந்தது. தாய்லாந்துப் பட்டு வணிகத்தால் புகழ்பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன், தானா ராத்தா அருகே ஒரு பங்களாவில் நண்பர்களுடன் தங்கியிருந்தவர், பிற்பகலில் வெளியே நடந்து சென்றார், திரும்பவில்லை. காவல்துறையினர், படையினர், பூர்வகுடித் தடம் காண்போர் எனப் பலர் நாள்கணக்கில் தேடினர். ஒரு தடயமும் கிட்டவில்லை. அவரைப் பற்றி நூல்கள் பல வந்துவிட்டன. மர்மத்தில் எனக்கு நாட்டமில்லை. ஒன்றை மட்டும் கவனித்தேன். காணாமற்போனவரைத் தேட நேர்ந்தபோது எல்லாரும் நம்பியது, எண்ணில்லாமலே காட்டை அறிந்த மக்களைத்தான்.

தமிழ்த் தொழிலாளர் கதையில் 1969க்குப் பிந்திய ஆண்டுகள் திருப்பம். குடியுரிமை இல்லாதவர் வேலை உரிமம் பெற வேண்டும் என்ற விதி வந்தது. பல்லாயிரவர் பிறந்து வளர்ந்த தோட்டத்தை விட்டுத் தமிழகத்துக்குத் திரும்பினர். எஞ்சியவர்களின் பிள்ளைகள் படித்தனர், ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கினர். அது வருந்தத்தக்க செய்தியன்று. தோட்டத்துப் பள்ளி எதற்காக நடந்ததோ அது நடந்தது. பத்துப் பிள்ளைகளுக்குமேல் உள்ள தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்ததன் வழிவந்த சிறு பள்ளிகள், போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி ஆகிய தோட்டப் பெயர்களைத் தாங்கி நம் காலத்துக்கும் வந்து சேர்ந்தன. இன்று கொழுந்தெடுப்பில் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர் மிகுதி. சரிவு சற்று மென்மையான இடங்களில் இருவர் இருபுறமும் பிடித்து நடக்கும் எந்திரம் கொய்கிறது. செங்குத்தான இடங்களில் கத்தரி.

இதில் ஓர் இழப்பு உண்டு; அதை மறைக்க வேண்டியதில்லை. வயல்களின் தமிழ்ப் பெயர்கள் பேச்சில் மட்டும் இருந்தவை. பேசியவர்கள் இறங்கிப் போனபின் பெயர்களை ஏந்த ஆளில்லை. கணக்கேட்டின் எண்களோ அப்படியே இருக்கின்றன. இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அப்பெயர்களை நினைவில் வைத்திருப்போர் அரிதாகிவிடுவர். இதற்குப் பெரிய ஆய்வு நிதி தேவையில்லை. தோட்டத்தில் வாழ்ந்த மூத்தவர் ஒருவர் அருகில் அமர்ந்து, எந்தக் கல்லுக்கு என்ன பெயர், எந்த வளைவில் யார் விழுந்தார், பேய் இருப்பதாக எந்த மரத்தைச் சொன்னார்கள் என்று ஒரு மாணவர் எழுதிக்கொண்டால் அதுவே ஆவணம். பள்ளிப் பணித்திட்டங்களில் கேமரன் மலையின் வெப்பநிலையும் தேயிலை உற்பத்தியும் நிறைய வருகின்றன. அவற்றைத் திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது. ஒரே ஒரு வயற்பெயராவது வந்திருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

மலையும் மாறிக்கொண்டிருக்கிறது. உச்சியிலிருந்து தேயிலையைவிட அதிகமாக இப்போது கண்ணில் படுவது காய்கறிப் பண்ணைகளின் நெகிழிக் கூரைகள். வெயிலில் அவை ஏரிபோல மின்னும். சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு இரண்டாவது சாலை வந்தபின் வார இறுதிகளில் வாகன நெரிசல் சொல்லி முடியாது. வெட்டப்பட்ட சரிவுகளின் மண் ஆறுகளில் இறங்கி, 1960களில் கட்டப்பட்ட ரிங்லெட் நீர்த்தேக்கத்தைத் தூர்த்தது. 2013 அக்டோபரில் கனமழையின்போது அந்த அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களைக் குடித்தது. சம உயரக் கோட்டில் நிரை வைத்த அந்தப் பழைய தொழிலறிவு மண்ணைப் பிடித்து நிறுத்துவதற்கும் உரியதாக இருந்தது என்பதை இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். காட்டை அழித்துத்தான் தேயிலையும் வந்தது; எனவே தேயிலையைப் புனிதமாக்கிப் பேச நான் முன்வரமாட்டேன். மலையேறுவோரும் குற்றமற்றவர் அல்லர். நூற்றுக்கணக்கான கால்கள் மிதித்த பாசிக்காடு மீள நெடுங்காலம் ஆகிறது. ஈராவ் தடம் இதனால் சில முறை மூடப்பட்டது. மூடியிருக்கும்போது ஏறக் கூடாது என்பதை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்கிறேன்.

அன்று நாங்கள் உச்சியிலிருந்து காட்டுத்தடத்தில் இறங்கவில்லை. முழங்கால் ஒப்பவில்லை என்பதே உண்மை. சாலை வழியே இறங்கி, சுங்கை பாலாஸ் தோட்டத்தின் ஊடே நடந்தோம். பிற்பகல் மேகம் மேலிருந்து எங்களோடு இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு வளைவில் இருவர் எந்திரத்தை இருபுறமும் பிடித்து நிரையோடு நகர்ந்துகொண்டிருந்தனர். பின்னால் கொழுந்துப் பை ஊதிப் பெருத்து வந்தது. பேச்சைக் கேட்டால் வங்காளதேசத்தவர் என்று தோன்றிற்று. ஒருவர் மேற்சரிவைக் காட்டி மற்றவருக்கு ஏதோ ஒரு சொல்லைச் சொன்னார்; இருவரும் சிரித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினர். அந்தச் சரிவுக்கு அவர்கள் வைத்த பெயராக அது இருக்கலாம் என்றார் மாணவி. கேட்டுத் தெரிந்துகொள்ள எங்களுள் யாருக்கும் வங்கமொழி தெரியவில்லை.